சொந்த வீடு வாங்கும் முன்: வீட்டுத் திட்டங்களிலும் கடன் தாள்களிலும் வரும் சொற்கள், அவை வரும் வரிசையில்

தமிழ்நாட்டு நகரங்களில் முதல் வீடு வாங்கப் போகிறவர்களுக்கும், அரசு வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கும் இது. விண்ணப்பம் நிரப்பவும் வங்கித் தாள்களைப் படிக்கவும் பலருக்குக் கூட இருந்து உதவியதில் ஒன்று தெரிந்தது. சொல்லுக்குப் பொருள் தெரியாமல் திண்டாடுகிறவர்கள் குறைவு. அந்தச் சொல்லை எந்த அலுவலகம் சொல்கிறது என்று பார்க்காமல் மாட்டிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். ‘குறைந்த விலை வீடு’ என்றால் ஜிஎஸ்டி சட்டத்தில் ஒரு வரம்பு, பிரதமர் வீட்டுத் திட்டத்தில் வேறு வரம்பு, பில்டரின் விளம்பரத்தில் வரம்பே கிடையாது.

அதனால் இங்கே அகரவரிசை இல்லை. உங்கள் தகுதியில் தொடங்கி, கையிலிருந்து பணம் போகும் வரிசையில் சொற்களை எடுத்துக்கொள்வோம். வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதையும் அங்கங்கே சொல்கிறேன்.

0. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

குடும்பத்தில் எல்லாருடைய ஆதார் அட்டையும், ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்குப் புத்தகமும், வருமானச் சான்றும் வேண்டும். சம்பளக்காரர் என்றால் சம்பளச் சீட்டும் ஃபார்ம் 16-உம். தினக்கூலி, சிறு வியாபாரம் என்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கும் வட்டாட்சியர் வருமானச் சான்றிதழ். சொந்த மனையில் கட்டப் போகிறீர்கள் என்றால் பட்டாவும் பத்திரமும்.

ஆதாரிலும் பத்திரத்திலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருப்பது நம் ஊரில் சாதாரணம். கணினியில் அது இரண்டு ஆள். திருத்தம் செய்ய வாரக்கணக்கில் இழுக்கும் என்பதால்தான் இது பூஜ்யமாவது படி.

1. ‘குடும்பம்’, ‘பக்கா வீடு’: இங்கேதான் முதல் வடிகட்டல்

நகர்ப்புறத்துக்கான பிரதமர் வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத மகன்கள், மகள்கள். ரேஷன் அட்டையில் யார் யார் பெயர் இருக்கிறது என்பது வேறு கணக்கு. கூட்டாக வசிக்கும் திருமணமான மகன், மனைவியோடு சேர்ந்து தனிக் குடும்பமாகிறார். அப்பா பெயரில் வீடு இருப்பதாலேயே அவர் தகுதி இழப்பதில்லை.

அந்தக் குடும்பத்தில் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கும் பக்கா வீடு, அதாவது நிலையான சுவரும் கூரையும் கொண்ட வீடு, இருக்கக் கூடாது. அதிகம் தவறுவது இந்த ‘எங்கும்’ என்ற சொல்லில்தான். சென்னையில் வாடகைக்கு இருப்பவர், ஊரில் மனைவி பெயரில் இருக்கும் காங்கிரீட் வீட்டைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ‘அது கிராமத்து வீடுதானே’ என்பார். விதி கிராமம், நகரம் என்று பிரிப்பதில்லை.

கடந்த 20 ஆண்டுகளில் மத்திய, மாநில, உள்ளாட்சி வீட்டுத் திட்டம் எதிலாவது பயன் பெற்றிருந்தாலும் கதவு மூடிவிடும். ஆதார் எண் கொண்டு சரிபார்ப்பதால், சொல்லாமல் விட்டால் தெரியாது என்ற கணக்கு பலிக்காது.

இந்தப் படியை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், இதில் தகுதி இல்லாதவர் மானியத்தை நம்பி வீட்டைத் தேர்ந்தெடுத்து, முன்பணமும் கொடுத்துவிட்ட பிறகு திரும்பி வர முடியாது. தகுதி இல்லை என்றால் 2, 3, 4, 7 படிகளைத் தாண்டி மற்றதைப் படியுங்கள். அவை எல்லாருக்கும் பொது.

2. ஈடபிள்யூஎஸ், எல்ஐஜி, எம்ஐஜி: வருமானப் பிரிவுகள்

ஈடபிள்யூஎஸ் என்றால் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு. குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை. எல்ஐஜி என்ற குறைந்த வருவாய்ப் பிரிவுக்கு 3 முதல் 6 லட்சம். எம்ஐஜி என்ற நடுத்தர வருவாய்ப் பிரிவுக்கு 6 முதல் 9 லட்சம்.

மூன்று தவறுகள் இங்கே திரும்பத் திரும்ப நடக்கின்றன.

முதலாவது, விண்ணப்பிப்பவரின் சம்பளத்தை மட்டும் எழுதுவது. இது குடும்ப வருமானம். மனைவி தையல் கடை வைத்திருந்தால் அதுவும் சேரும்.

இரண்டாவது, இட ஒதுக்கீட்டுக்கான ஈடபிள்யூஎஸ் சான்றிதழை இங்கே கொண்டுவந்து நீட்டுவது. மத்திய அரசு வேலைக்கும் படிப்புக்கும் பொதுப் பிரிவினருக்கு உள்ள 10 சதவீத ஒதுக்கீட்டில் வருமான வரம்பு 8 லட்சம். வீட்டுத் திட்டத்தில் அதே பெயருக்கு வரம்பு 3 லட்சம், சாதி நிபந்தனையும் இல்லை. பெயரைத் தவிர இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

மூன்றாவது, பழைய வரம்பை நம்புவது. முந்தைய கட்டத்தில் எம்ஐஜி இரண்டாகப் பிரிந்து 18 லட்சம் வருமானம் வரை போனது. அது 2021 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. இணையத்தில் பழைய கட்டுரைகள் இன்னும் முதல் பக்கத்தில் வருகின்றன. தேதி பார்க்காமல் படிக்காதீர்கள்.

3. நான்கு வாசல்களில் உங்களுடையது எது

ஒரே திட்டத்துக்குள் நான்கு பிரிவுகள் இருக்கின்றன. ஒரு குடும்பம் ஒன்றில்தான் பயன் பெற முடியும். எது என்று தெரியாமல் விண்ணப்பத்தைத் தொடங்கினால், இணையதளம் கேட்கும் முதல் கேள்வியிலேயே தப்பான பெட்டியைத் தட்டிவிடுவீர்கள்.

பிஎல்சி: உங்கள் மனை, நீங்களே கட்டுகிறீர்கள், அரசு உதவுகிறது. ஈடபிள்யூஎஸ் பிரிவுக்கு மட்டும். தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் மத்திய அரசின் பங்கு ஒரு வீட்டுக்கு 1.50 லட்சம் ரூபாய், மாநிலம் குறைந்தது 1 லட்சம். பணம் மொத்தமாக வராது. கட்டுமானம் எந்த நிலையில் இருக்கிறது என்று இருப்பிடக் குறியோடு படமெடுத்துப் பதிவு செய்த பிறகே அடுத்த தவணை. எனவே அஸ்திவாரம் போடவாவது கையில் பணம் வேண்டும். புறம்போக்கில் பட்டா இல்லாமல் இருப்பவர்கள் இந்த வாசலுக்கு வந்து பயனில்லை, முதலில் பட்டாவுக்கு முயல வேண்டும்.

ஏஎச்பி: அரசு வாரியமோ, அரசோடு சேர்ந்து தனியாரோ கட்டும் அடுக்குமாடியில் ஒரு வீடு. இதுவும் ஈடபிள்யூஎஸ் பிரிவுக்கே. வீட்டின் கார்பெட் பரப்பு 30 முதல் 45 சதுர மீட்டர், அதாவது சுமார் 323 முதல் 484 சதுர அடி. தமிழ்நாட்டில் இதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தைப் பார்க்க வேண்டும். 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் பெயர் மாறிய அதே வாரியம்தான். ஊர்க்காரர்கள் இன்னும் ‘ஸ்லம் போர்டு’ என்றே சொல்வார்கள். ஆட்டோக்காரரிடம் வழி கேட்கும்போதும் அப்படியே கேளுங்கள்.

ஏஆர்எச்: வாடகை வீடு. வேலைக்காக ஊர் மாறி வந்தவர்கள், பணிபுரியும் பெண்கள், தொழிலாளர்கள் போன்றோருக்கு. இதில் சொந்தம் ஆகாது. ‘அரசு வீடு கிடைக்கும்’ என்று யாராவது சொன்னால், ஏஎச்பியா ஏஆர்எச்சா என்று முதலில் கேளுங்கள்.

ஐஎஸ்எஸ்: வங்கிக் கடனில் வீடு வாங்குபவருக்கு வட்டி மானியம். மூன்று வருமானப் பிரிவுக்கும் உண்டு. இதைப் பற்றி 7-ஆம் படியில் விரிவாக.

கிராமத்தில் கட்டுகிறவர்களுக்கு வழி வேறு. தமிழ்நாடு அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருகிறார்கள். அங்கே பார்க்க வேண்டிய இடம் ஊராட்சி ஒன்றிய அலுவலகம்.

4. வாரிய வீட்டின் தாள்களில் வரும் சொற்கள்

‘பயனாளி பங்களிப்பு’ என்பது வீட்டின் அடக்கவிலையில் மத்திய, மாநில அரசுப் பங்குகள் போக நீங்கள் கட்ட வேண்டியது. இது எல்லா இடத்திலும் ஒரே தொகை அல்ல, திட்டப்பகுதிக்குத் திட்டப்பகுதி மாறும். பக்கத்து ஊரில் ஒருவர் கட்டிய தொகையை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு அலுவலகத்தில் அதிர்ச்சியடைபவர்கள் நிறைய. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. மொத்தப் பங்களிப்பு எவ்வளவு, அதை எத்தனை நாளில் கட்ட வேண்டும். முடியாவிட்டால் வாரியம் வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்து தருகிறதா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

‘குலுக்கல்’ பெரும்பாலும் எந்தத் தளம், எந்த எண் என்பதற்கு. வாழ்விட வாரியத்திலிருந்து வேறான தமிழ்நாடு வீட்டு வசதி வாரியத்தில், யாருக்கு வீடு என்பதையே குலுக்கலில் முடிவு செய்வதும் உண்டு. இரண்டிலும் இடைத்தரகர் எண்ணை மாற்றித் தருகிறேன் என்று வந்தால் அனுப்பிவிடுங்கள்.

‘ஒதுக்கீட்டு ஆணை’ கைக்கு வந்ததும் வீடு நம்முடையது என்று நினைக்கிறோம். இல்லை. அது வீட்டில் குடியேறவும் தவணை கட்டவும் உங்களுக்குள்ள உரிமையைச் சொல்லும் தாள். சொந்தம் ஆவது, முழுத் தொகையும் கட்டி முடித்து, வாரியம் உங்கள் பெயருக்குக் கிரயப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்கும்போது. தவணை முறையில் வீட்டு வசதி வாரிய வீடு வாங்கி, கடைசித் தவணையும் கட்டிவிட்டு, பத்திரம் வாங்காமலே வருடக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு. ஒதுக்கீடு பெற்றவர் காலமான பிறகு வாரிசுச் சான்றிதழோடு பிள்ளைகள் அலைய வேண்டியிருக்கும். கடைசி ரசீது வாங்கும் அன்றே பத்திரத்துக்கு மனு கொடுத்துவிடுவது நல்லது.

ஒதுக்கீட்டு ஆணையின் பின்பக்க நிபந்தனைகளில் எத்தனை ஆண்டுக்கு விற்கவோ கைமாற்றவோ கூடாது என்று இருக்கும். உள்வாடகைக்கு விடுவது பற்றியும் இருக்கும். ஒதுக்கீடு பெற்றவரிடமிருந்து வெறும் பவர் பத்திரத்தையும் ஸ்டாம்ப் பேப்பர் ஒப்பந்தத்தையும் நம்பி ‘வாங்குகிறவர்’ கையில் இருப்பது உண்மையில் ஒன்றுமில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று இதில் இறங்காதீர்கள். மலிவுக்குக் காரணமே அதுதான்.

5. சதுர அடியும் விலையும்

இனி தனியார் அடுக்குமாடி. மூன்று பரப்புகளைப் பிரித்துப் பாருங்கள்.

கார்பெட் பரப்பு என்பது வீட்டின் வெளிச்சுவர்களுக்குள் நீங்கள் புழங்கும் தரைப்பரப்பு. உட்சுவர்கள் சேரும், பால்கனி சேராது. பில்ட்-அப் என்றால் அதோடு வெளிச்சுவரும் பால்கனியும். சூப்பர் பில்ட்-அப் என்றால் படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை ஆகியவற்றில் உங்கள் பங்கும் சேர்ந்தது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், நாம் பழக்கமாக ரெரா என்பது, கார்பெட் பரப்பைத்தான் அளவுகோலாக வைக்கிறது. மானியமும் ஜிஎஸ்டி சலுகையும் கார்பெட்டையே பார்க்கின்றன. பில்டரின் விலைத்தாள் மட்டும் சூப்பர் பில்ட்-அப்பில் பேசும்.

இப்போது ‘குறைந்த விலை வீடு’ வரம்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜிஎஸ்டியில்: விலை 45 லட்சம் வரை. சென்னை போன்ற பெருநகரப் பகுதியில் கார்பெட் 60 சதுர மீட்டர் வரை, அதாவது ஏறக்குறைய 645 சதுர அடி. மற்ற ஊர்களில் 90 சதுர மீட்டர். இதற்குள் வந்தால் கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு வரி 1 சதவீதம், தாண்டினால் 5. கட்டி முடித்து நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டியே இல்லை.

வட்டி மானியத்தில்: வீட்டின் மதிப்பு 35 லட்சம் வரை, கார்பெட் 120 சதுர மீட்டர் வரை.

ஆக, 40 லட்சம் ரூபாய்க்கு 600 சதுர அடி கார்பெட் உள்ள வீடு சென்னையில் ஜிஎஸ்டிக்குக் குறைந்த விலை வீடு, மானியத்துக்கு அல்ல. விற்பனைப் பிரதிநிதி ‘அஃபோர்டபிள் ஹவுசிங் சார், மானியம் வரும்’ என்று சொல்லும்போது முதல் பாதி உண்மையாக இருக்கலாம்.

ஒரு விலைத்தாளைக் கற்பனையாக எடுத்துப் பார்ப்போம். வீடு 33.80 லட்சம். கீழே சின்ன எழுத்தில் கார் பார்க்கிங் 1.75 லட்சம், மின் இணைப்பு, குடிநீர் இணைப்புக் கட்டணம், பராமரிப்பு வைப்புத்தொகை. வீட்டையும் பார்க்கிங்கையும் கூட்டினால் 35.55 லட்சம். பத்திரத்தில் எந்தத் தொகை விலையாக எழுதப்படும் என்று பில்டரிடமும், எந்தத் தொகையை வீட்டு மதிப்பாக எடுப்பீர்கள் என்று வங்கியிடமும் முன்பணத்துக்கு முன்பே கேட்க வேண்டும். வாய்மொழிப் பதில் போதாது, மின்னஞ்சலில் வாங்குங்கள்.

6. கடன் பேச்சு

வங்கிக்கு வீடு பார்ப்பதற்கு முன்பே போங்கள் என்று நான் சொல்வது பலருக்கு விநோதமாகப்படுகிறது. கடன் எவ்வளவு கிடைக்கும் என்று தெரியாமல் வீடு பார்த்தால் மனம் விலையை ஏற்றிக்கொண்டே போகும்.

எல்டிவி: வீட்டு மதிப்பில் எத்தனை சதவீதம் வங்கி கடனாகத் தரலாம் என்ற வரம்பு. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான கடனுக்கு 90 சதவீதம் வரை, 30 முதல் 75 லட்சத்துக்கு 80, அதற்கு மேல் 75. இது உச்சவரம்பு மட்டுமே. வங்கி குறைவாகவும் தரலாம்.

மார்ஜின்: மீதி, அதாவது உங்கள் கைப்பணம். இதில் ஒரு கண்ணி. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு, முத்திரைத்தாள் கட்டணத்தையும் பதிவுக் கட்டணத்தையும் வீட்டு மதிப்பில் சேர்க்காமல்தான் வங்கி இந்தச் சதவீதத்தைக் கணக்கிட வேண்டும். ‘90 சதவீதம் லோன், 10 சதவீதம் கையில் இருந்தால் போதும்’ என்று வருகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

எஃப்ஓஐஆர்: உங்கள் மாத வருமானத்தில் எத்தனை சதவீதம் தவணைகளுக்குப் போகிறது என்ற விகிதம். வங்கிக்கு வங்கி மாறும், 50 சதவீதத்தை ஒட்டி வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பைக் தவணையும் நகைக்கடன் வட்டியும் கிரெடிட் கார்டு தவணையும் இதில் சேரும். சின்னக் கடன் ஒன்றை அடைத்துவிட்டு விண்ணப்பித்தால் வீட்டுக்கடன் தகுதி நன்றாகவே கூடும்.

சிபில் மதிப்பெண்: 300 முதல் 900 வரை. முன்பு வாங்கிய கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்பதன் கணக்கு. ஒரே மாதத்தில் பல வங்கிகளில் விண்ணப்பித்துப் பார்ப்பது மதிப்பெண்ணைக் குறைக்கும். நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு அவர் கட்டாமல் விட்டிருந்தால் அதுவும் உங்கள் அறிக்கையில் வந்து நிற்கும். எனவே விண்ணப்பத்துக்கு முன் அறிக்கையை ஒரு தடவை எடுத்துப் படியுங்கள்.

சாங்ஷன் லெட்டர்: வங்கி கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. பணம் வருவதற்குச் சொத்தின் தாள்களை வங்கி வழக்கறிஞர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும், மதிப்பீட்டாளர் நேரில் வந்து பார்க்க வேண்டும். சாங்ஷன் வந்த சந்தோஷத்தில் பெரிய தொகையைப் பில்டரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

மாறும் வட்டி: 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவீட்டோடு கட்டப்பட்டிருக்கின்றன. வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை, அவை தங்கள் சொந்த அடிப்படை வட்டியை வைத்துக்கொள்ளலாம். எனவே வங்கியல்லாத நிறுவனத்தில் வாங்கினால் ‘வட்டி எதோடு இணைந்தது, எப்போது மாறும்’ என்ற கேள்வி கட்டாயம். தனிநபர் மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது.

7. வட்டி மானியம்: எண்களை இப்படிப் படியுங்கள்

ஐஎஸ்எஸ் பற்றி விளம்பரத்தில் ‘4 சதவீத மானியம்’ என்றுதான் இருக்கும். 25 லட்சம் கடனுக்கும் 4 சதவீதம் குறையும் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை.

வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அந்தக் கடனில் முதல் 8 லட்சத்துக்கு மட்டும், 12 ஆண்டு வரையான காலத்துக்கு மட்டும் 4 சதவீதம் கணக்கிடப்படும். மொத்த மானியம் அதிகபட்சம் 1.80 லட்சம். அதுவும் ஒரே தடவையில் வராது, ஐந்து ஆண்டுத் தவணைகளாக வரும். சமமாகப் பிரித்தால் வருடத்துக்கு 36,000.

கடன் 2024 செப்டம்பர் 1 அல்லது அதற்குப் பிறகு அனுமதிக்கப்பட்டுப் பட்டுவாடா ஆகியிருக்க வேண்டும். ஒவ்வொரு தவணை வரும்போதும் கடன் கணக்கு நடப்பில் இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும். கையில் பணம் வந்ததும் கடனை அடைத்துத் தள்ளும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனியுங்கள். இரண்டாம் வருடத்தில் அசலைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டால் மீதித் தவணைகள் போய்விடும். அதற்காக அடைக்காமல் இருங்கள் என்று சொல்லவில்லை. மிச்சமாகும் வட்டியையும் இழக்கும் மானியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள், அவ்வளவுதான்.

யாராவது ‘2.67 லட்சம் கிடைக்கும்’ என்று சொன்னால், அது முந்தைய கட்டத்தில் சிஎல்எஸ்எஸ் என்ற பெயரில் இருந்த வட்டி மானியத்தின் தொகை. ஈடபிள்யூஎஸ், எல்ஐஜி பிரிவுகளுக்கு அது 2022 மார்ச் 31-உடன் முடிந்தது. அந்தக் காலத்தில் மானியம் மொத்தமாகக் கடன் கணக்கில் வரவாகும். அந்த நினைப்பிலேயே இன்றும் தவணை உடனே குறையும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

இன்னொன்று: வீடு குடும்பத் தலைவி பெயரில் அல்லது கணவன் மனைவி கூட்டாக என்பது திட்டத்தின் பொது விதி. கணவர் பெயரில் மட்டும் ஒப்பந்தம் போட்டுவிட்டுப் பிறகு மாற்றுவது செலவு. ஒப்பந்தத்திலேயே இரண்டு பெயரும் வரட்டும்.

8. ஒரு முழுக் கணக்கு

ஆண்டு வருமானம் 6 லட்சம் உள்ள குடும்பம். 30 லட்சத்துக்குப் புது அடுக்குமாடி வீடு, கட்டுமானத்தில் இருக்கிறது, கார்பெட் 60 சதுர மீட்டருக்குள். வட்டி 8.5 சதவீதம், 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம்.

வங்கி விதிப்படி 27 லட்சம் வரை கடன் தரலாம். ஆனால் 25-ஐத் தாண்டினால் மானியம் இல்லை. எனவே 24 லட்சம் கேட்கிறார்கள். மாதத் தவணை சுமார் 20,830. மாத வருமானம் 50,000-இல் பாதி 25,000. பைக் தவணை 4,000 இருந்தால் இரண்டும் சேர்ந்து 24,830. நூலிழையில் தப்பிக்கிறது. வங்கி கைக்கு வரும் சம்பளத்தை வைத்துப் பார்த்தால் அதுவும் இடிக்கும். பைக் கடனை முதலில் முடிக்க வேண்டியதன் காரணம் இதுதான்.

கைப்பணம்: மார்ஜின் 6 லட்சம். ஜிஎஸ்டி 1 சதவீதம் 30,000. புது அடுக்குமாடியின் முதல் விற்பனைக்கு, மதிப்பு 50 லட்சம் வரை, முத்திரைத்தாள் கட்டணம் 4 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து 1.80 லட்சம். மொத்தம் 8.10 லட்சம். இதற்கு மேல் வங்கியின் பரிசீலனைக் கட்டணம், வழக்கறிஞர், மின் இணைப்பு, கதவு ஜன்னலுக்குத் திரை வரை.

மானியத்தின் உச்சத்தொகையும் பத்திரச் செலவும் இங்கே ஒரே எண்ணாக வந்திருக்கின்றன. பத்திரச் செலவு முதல் நாளில் போகும், மானியம் ஐந்து வருடத்தில் வரும். மானியத்தை முன்பணக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

பழைய வீடு, மறுவிற்பனை வீடு என்றால் 6 சதவீதம் பொருந்தாது. முத்திரைத்தாள் 7, பதிவு 2, ஆக 9 சதவீதம்.

9. பத்திரப் பதிவுச் சொற்கள்

வழிகாட்டி மதிப்பு: பதிவுத்துறை ஒவ்வொரு தெருவுக்கும் நிர்ணயித்திருக்கும் மதிப்பு. கட்டணம் இதற்கும் நீங்கள் தரும் விலைக்கும் எது அதிகமோ அதன் மேல். சந்தை விலை மலிவாகக் கிடைத்தாலும் கட்டணம் மலிவாகாமல் போகலாம்.

யுடிஎஸ்: அடுக்குமாடி நிற்கும் நிலத்தில் உங்களுக்கான பிரிக்கப்படாத பாகம். கட்டடம் பழசாகும், மதிப்பு நிற்பது இதில்தான். எல்லா வீட்டுக்கும் கொடுத்த யுடிஎஸ்-ஐக் கூட்டினால் மொத்த நில அளவு வருகிறதா என்று கேளுங்கள். ஒரே மாதிரி இரண்டு வீட்டுக்கு வேறு வேறு யுடிஎஸ் எழுதியிருந்தால் காரணம் கேளுங்கள்.

தாய்ப்பத்திரம்: சொத்து முன்பு யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று காட்டும் மூலப் பத்திரங்கள். நகல் மட்டும் காட்டி, அசல் ‘வீட்டில் இருக்கிறது’ என்று இழுத்தால் அசல் வேறொரு வங்கியில் இருக்க வாய்ப்புண்டு.

ஈசி என்ற வில்லங்கச் சான்று: அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் இதில் வரும். தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். 30 வருடத்துக்குப் பாருங்கள். ஆனால் பதிவு செய்தது மட்டுமே இதில் தெரியும். பதிவாகாத உயில், நடந்துகொண்டிருக்கும் பாகவழக்கு தெரியாது. ‘ஈசி கிளியர்’ என்ற ஒற்றை வார்த்தையோடு வழக்கறிஞர் கருத்தைத் தவிர்க்காதீர்கள். சர்வே எண்ணின் உட்பிரிவு மாறியிருந்தால் பழைய எண்ணுக்கும் தனியாகத் தேட வேண்டும். வெறுமையாக வந்த ஈசியைக் கண்டு மகிழ்வதற்கு முன், தேடிய எண் சரிதானா என்று பாருங்கள்.

பட்டா: வருவாய்த்துறைப் பதிவேட்டில் நிலம் யார் பெயரில் என்பது. பத்திரம் பதிவானவுடன் எல்லா இடத்திலும் பட்டா தானாக மாறிவிடும் என்று விட்டுவிடக் கூடாது. உட்பிரிவு தேவைப்படும் இடங்களில் விண்ணப்பிக்க வேண்டும்.

பெண்கள் பெயரில் பதியும் சொத்துக்கு, மதிப்பு 10 லட்சம் வரை இருந்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சிறிய மனை வாங்குகிறவர்களுக்குப் பயன்படும்.

10. ஒப்பந்தமும் ரெராவும், கடைசிக் கையெழுத்துக்கு முன்

கிரய ஒப்பந்தம் என்பது விற்கிறேன், வாங்குகிறேன் என்ற உறுதி. கிரயப் பத்திரம்தான் விற்பனை. ரெரா சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் பில்டர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ‘இன்று கொடுத்தால் இந்த விலை’ என்று 20 சதவீதம் கேட்டால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

ரெரா பதிவு எண்ணை வாங்கி, தமிழ்நாடு ரெரா ஆணையத்தின் தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். ஒப்புதல் பெற்ற வரைபடம், கார்பெட் பரப்பு, முடிக்க வேண்டிய தேதி எல்லாம் அங்கே இருக்கும். சிறிய கட்டடங்களுக்கு விலக்கு உண்டு. 500 சதுர மீட்டர் மனை, 8 வீடுகள் என்பது அதற்கான அளவுகோல். விலக்குள்ள கட்டடம் மோசம் என்று பொருளில்லை, ஆணையத்தில் இருக்கும் தகவலை நீங்களே தேடிச் சேர்க்க வேண்டும் என்றுதான் பொருள்.

வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தக் கட்டடத்துக்கான தனிக் கணக்கில் பில்டர் வைக்க வேண்டும். அதனால் காசோலை எழுதும்போது விலைத்தாளில் உள்ள திட்டக் கணக்கின் பெயருக்கே எழுதுங்கள். தனிநபர் பெயருக்கோ வேறு நிறுவனத்துக்கோ கேட்டால் கொடுக்க வேண்டாம்.

நிறைவுச் சான்று இல்லாமல் சாவியை மட்டும் வாங்கிக் குடியேறுவது இன்னும் நடக்கிறது. மின் இணைப்பிலும் குடிநீர் இணைப்பிலும் பிறகு சிக்கல் வரும். குடியேறிய பின் கட்டமைப்பில் குறை தெரிந்தால், ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் எழுத்தில் தெரிவித்தால் 30 நாளில் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். எனவே சாவி வாங்கிய தேதியுள்ள ஒப்படைப்புக் கடிதத்தைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு சுவரையும் மேல்தளத்தையும் பார்த்து, விரிசலும் கசிவும் இருந்தால் படமெடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.